1917 ரஷ்யப் புரட்சி: எந்தப் புத்தகத்தை எடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் வாசிப்பு வட்டங்களிலும் நூலக நிகழ்ச்சிகளிலும் ரஷ்யப் புரட்சி பற்றிப் பேசப்போனால், பேச்சு முடிந்ததும் யாராவது ஒருவர் வந்து "எந்தப் புத்தகம் படிக்கலாம்?" என்று கேட்பார். கேட்பவர் மாறினாலும் சந்தேகங்கள் அதிகம் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, என் பதில்களைக் கீழே தந்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னால் இருக்கின்றன, சிக்கலானவை பின்னால் வருகின்றன.

இதைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. முதல்ல எதைப் படிக்கட்டும்?

ஷீலா ஃபிட்ஸ்பேட்ரிக் எழுதிய 'தி ரஷ்யன் ரெவல்யூஷன்'. 1982இல் வந்தது, பிறகு சிலமுறை திருத்திய பதிப்புகளும் வந்தன. சின்னப் புத்தகம், ஆங்கிலமும் நேரானது. 1917இல் நின்றுவிடாமல் உள்நாட்டுப் போர், ஸ்டாலினின் ஐந்தாண்டுத் திட்டம் என்று 1930கள் வரை போகிறது. அதனால் எது எதற்குப் பின்னால் வந்தது என்பது மனதில் பதிந்துவிடும். ஆனால் 1917ஆம் ஆண்டின் தெருக்கள், கூட்டங்கள், வேலைநிறுத்தங்கள் எல்லாம் அதில் சீக்கிரமே கடந்துபோய்விடும்.

கதைபோல் ஓடினால்தான் படிக்க முடியும் என்பவர்கள் சைனா மியெவில் 2017இல் எழுதிய 'அக்டோபர்' நூலை எடுக்கலாம். அவர் நாவலாசிரியர், இடதுசாரி. அந்த ஓர் ஆண்டை மாதம் மாதமாகச் சொல்கிறார். இரண்டில் எதை எடுத்தாலும் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்து எடுக்கும் புத்தகம் முதல் புத்தகத்தோடு ஒத்துப்போகாததாக இருக்கட்டும். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்புவதில் முக்கியமானது இதுதான்.

பிப்ரவரிப் புரட்சிங்கிறாங்க, அக்டோபர் புரட்சிங்கிறாங்க. ரெண்டும் ஒண்ணா?

இல்லை. முதலாவதில் ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலாஸ் முடியிழந்தார். ரொட்டிக்காகப் பெண்கள் தெருவில் இறங்கினார்கள், தொழிற்சாலைகள் நின்றன, தலைநகர் பெட்ரோகிராடில் இருந்த படைவீரர்கள் மக்கள் பக்கம் சாய்ந்தார்கள். அப்போது லெனின் சுவிட்சர்லாந்தில் இருந்தார். பிறகு தற்காலிக அரசு ஒன்று அமைந்து எட்டு மாதம் ஓடியது. இரண்டாவதில் லெனின் தலைமையிலான போல்ஷ்விக் கட்சியினர் அந்த அரசைக் கவிழ்த்தார்கள்.

ரஷ்யாவில் அன்று இருந்த பழைய நாட்காட்டி நம்முடையதற்கு 13 நாள் பின்தங்கியது. அதனால் பிப்ரவரிப் புரட்சி நம் கணக்கில் மார்ச்சிலும், அக்டோபர் 25 நவம்பர் 7லும் விழுகின்றன. 1918இல் ஜனவரி 31க்கு அடுத்த நாளைப் பிப்ரவரி 14 என்று மாற்றிச் சரிசெய்தார்கள். எந்த நாட்காட்டியைப் பின்பற்றுகிறது என்பதை ஒரு புத்தகம் முன்னுரையிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டையும் கலந்து எழுதியிருந்தால் எடுக்க வேண்டாம்.

பாரதியார் 'ஆகாவென்று எழுந்தது பார் யுகப்புரட்சி'ன்னு பாடினது அக்டோபர் புரட்சியைத்தானே?

மேடைகளில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் 'புதிய ருஷியா' பாட்டின் துணைத்தலைப்பே ஜார் சக்கரவர்த்தியின் வீழ்ச்சி பற்றியது. ஜார் வீழ்ந்தது முன் பதிலில் பார்த்த பிப்ரவரிப் புரட்சியில். லெனினின் வழியைப் பற்றி அவர் எழுதியது தனி: 'செல்வம்' என்ற கட்டுரையில் அந்த வழியிலுள்ள வன்முறையை அவர் ஏற்கவில்லை.

தமிழில் புரட்சி பற்றி வரும் நூல்கள் பல இந்தப் பாட்டோடுதான் தொடங்குகின்றன. ஆசிரியர் பாட்டைச் சரியான புரட்சியோடு சேர்த்திருக்கிறாரா என்று பாருங்கள். இதில் கவனமாக இருக்கும் ஆசிரியர் மற்ற இடங்களிலும் கவனமாக இருப்பார் என்று நம்பலாம்.

கார்க்கியோட 'தாய்' படிச்சிருக்கேன், 'வீரம் விளைந்தது'ம் படிச்சிருக்கேன். அது போதாதா?

ஆர்வம் பிறக்க அவை போதும். என் தலைமுறையில் பலருக்கும் வாசல் அவைதாம். ஆனால் 'தாய்' நாவலை கார்க்கி எழுதியது 1906இல், புரட்சிக்குப் பதினோரு ஆண்டுகள் முன்னால். நீங்கள் அதில் பார்த்தது 1902 மே தின ஊர்வலத்தின் சாயல். ஒஸ்த்ரோவ்ஸ்கியின் 'வீரம் விளைந்தது' 1930களில் வந்தது. உக்ரைனில் நடந்த உள்நாட்டுப் போரை, போல்ஷ்விக் தரப்பில் நின்ற ஓர் இளைஞனின் நெஞ்சிலிருந்து மட்டும் சொல்கிறது. நாவல்களில் ஒன்றைத்தான் படிக்க முடியும் என்றால் ஷோலகோவின் டான் நதி நாவலைச் சொல்வேன். அதன் நாயகன் இரண்டு பக்கமும் நின்று போரிடுகிறான், எந்தப் பக்கமும் அவனுக்கு வீடாக அமையவில்லை.

'தாய்' எழுதிய அதே கார்க்கி 1917, 1918இல் 'நோவயா ஜிஸ்ன்' என்ற நாளிதழில் போல்ஷ்விக் ஆட்சியைக் கடுமையாக விமர்சித்து எழுதிவந்தார். 1918 ஜூலையில் அந்த இதழையே மூடிவிட்டார்கள். 'தாய்' மீது அன்பு கொண்டவர்கள் அந்தக் கட்டுரைகளையும் தேடிப் படிக்க வேண்டும். அன்பு குறைந்துவிடாது, கார்க்கி இன்னும் பெரிய மனிதராகத் தெரிவார்.

எங்க தாத்தா சேர்த்து வெச்ச மாஸ்கோ புத்தகம் ஒரு பெட்டி நிறைய இருக்கு. வீடு மாறுறோம், தூக்கிப் போடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் குறைந்த விலையில், கெட்டியான கட்டில் தமிழுக்குத் தந்த நூல்கள் அவை. லெனின் எழுதியவை இருந்தால் அவை முதன்மைச் சான்றுகள். 1917 ஏப்ரலில் அவர் என்ன சொன்னார், செப்டம்பரில் என்ன சொன்னார் என்பதை அவர் வாயாலேயே கேட்கலாம்.

வரலாறு என்று தலைப்பிட்டவற்றை மட்டும் பதிப்பாண்டு பார்த்துப் படியுங்கள். ஸ்டாலின் காலத்தில், 1938இல், கட்சி வரலாற்றின் சுருக்கநூல் ஒன்று வந்தது. எது சரியான வரலாறு என்பதற்கு நெடுங்காலம் அதுவே அளவுகோல். அந்த வழியில் வந்த நூல்களில் பெட்ரோகிராட் சோவியத்தின் (தொழிலாளர், படைவீரர் பிரதிநிதிகளின் மன்றம்) தலைவராக இருந்து அக்டோபர் எழுச்சியை நடத்திய ட்ராட்ஸ்கி ஒன்று காணாமல் போவார், அல்லது துரோகியாக வருவார். பெயர் எங்கே விடுபடுகிறது என்று குறித்துக்கொண்டே படித்தால் அந்த நூல் தான் எழுதப்பட்ட காலத்துக்கு நல்ல சாட்சியாகிவிடும்.

நூலகத்துல அலமாரி முன்னாடி நிக்கிறேன். புத்தகம் நல்லதா இல்லையான்னு பத்து நிமிஷத்துல எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பின்னட்டைப் புகழுரையை விடுங்கள். கடைசிப் பக்கங்களில் இருக்கும் பெயரடைவைத் திறந்து மூன்று இடங்களைத் தேடுங்கள். முதலாவது, தற்காலிக அரசின் அமைச்சர்கள் இருந்த குளிர்கால அரண்மனை. 1917 அக்டோபர் 25 இரவு அங்கே பெரும்போர் எதுவும் நடக்கவில்லை. காவலுக்கு இருந்தவர்கள் பெரும்பாலும் இராணுவப் பள்ளி மாணவர்கள், சில கொசாக் குதிரைவீரர்கள், பெண்கள் படைப்பிரிவில் ஒரு பகுதி, அவ்வளவுதான். அவர்களிலும் பலர் நேரம் போகப்போக வெளியேறிவிட்டார்கள். பிரதமர் கெரென்ஸ்கி காலையிலேயே காரில் போய்விட்டார். போல்ஷ்விக்குகள் பக்கம் நின்ற 'அரோரா' போர்க்கப்பல் சுட்டது வெற்று வெடி. விடிவதற்கு வெகுமுன்பே அமைச்சர்கள் கைதானார்கள். இதை ஒரு மாபெரும் யுத்தமாக எழுதும் நூல், சான்றைப் பார்த்து எழுதவில்லை, சினிமாவைப் பார்த்து எழுதியிருக்கிறது.

இரண்டாவது, அரசியல் நிர்ணய சபை. ஆட்சியைப் பிடித்த சில வாரங்களில் நடந்த தேர்தலில் போல்ஷ்விக்குகள் சுமார் கால்பங்கு வாக்கே பெற்றார்கள். விவசாயிகளின் ஆதரவு பெற்ற சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சிதான் முதலிடம். 1918 ஜனவரியில் ஒரே ஒரு முறை கூடிய சபை கலைக்கப்பட்டது. போல்ஷ்விக் ஆதரவு நூல் இதை ஒரு வரியில் தாண்டினால் சந்தேகப்படுங்கள். எதிர்ப்பு நூலாக இருந்தால், அந்த முதலிடக் கட்சி தேர்தலுக்கு முன்பே உடைந்திருந்ததையும், வாக்காளருக்கு வந்த பட்டியலில் அந்தப் பிளவு சரியாகத் தெரியவில்லை என்பதையும் சொல்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, குரோன்ஷ்டாட். 1917இல் புரட்சிக்குத் தோள்கொடுத்த அந்தக் கடற்படைத் தளத்திலேயே 1921 மார்ச்சில் மாலுமிகள் கிளர்ந்தெழுந்தார்கள். சுதந்திரமான சோவியத் தேர்தல் வேண்டும் என்றார்கள். உறைந்த கடலின் மேல் படை அனுப்பி அடக்கினார்கள். அவர்கள் கேட்டது என்ன என்பதை ஆசிரியர் சொல்கிறாரா, அல்லது 'சதி' என்று ஒரே சொல்லில் மூடிவிடுகிறாரா? மூன்று இடங்களையும் படிக்கப் பத்து நிமிடம் போதும். நான் இப்படிப் பார்த்துத்தான் புத்தகம் எடுக்கிறேன்.

எழுதினவர் எந்தப் பக்கம்னு பார்க்கணுமா? நடுநிலையா எழுதினவர் யாரும் இல்லையா?

பக்கம் இல்லாமல் இந்தப் புரட்சியைப் பற்றி எழுதியவர் மிகக் குறைவு, அது குற்றமும் இல்லை. ரிச்சர்ட் பைப்ஸ் ஹார்வர்ட் பேராசிரியர், அமெரிக்க அதிபர் ரீகன் அரசின் தேசியப் பாதுகாப்பு மன்றத்தில் பணியாற்றியவர். 1990இல் வந்த அவருடைய பெரிய நூல் அக்டோபரை ஒரு சிறு குழுவின் ஆட்சிக் கவிழ்ப்பாகப் பார்க்கிறது. ட்ராட்ஸ்கி தன் மூன்று தொகுதி வரலாற்றை நாடு கடத்தப்பட்டு துருக்கித் தீவு ஒன்றில் இருந்தபோது எழுதினார், தன்னையே 'ட்ராட்ஸ்கி' என்று படர்க்கையில் குறிப்பிட்டு. இருவர் நிலையும் வெளிப்படை. தன் சாய்வை மறைத்துக்கொண்டு 'உண்மை வரலாறு' என்று அட்டையில் போடுபவரிடம்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

இன்னொன்று, நூல் எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் முடிகிறது என்பதைக் கவனியுங்கள். ஓர்லாண்டோ ஃபைஜீஸ் 'எ பீப்பிள்ஸ் டிராஜெடி' நூலை 1891 பஞ்சத்தில் தொடங்கி லெனின் இறந்த 1924இல் முடிக்கிறார். அதனால் அவருக்கு இது மக்களின் துயரக் கதை. பைப்ஸ் 1899 மாணவர் கிளர்ச்சியில் தொடங்குவதால் படித்தவர்களின் தீவிரம் முன்னுக்கு வருகிறது. மியெவில் 1917 முடியுமுன் நிறுத்துவதால் நம்பிக்கை உயிரோடு இருக்கிறது. ஃபிட்ஸ்பேட்ரிக் 1930கள் வரை போவதால் ஸ்டாலினும் அதே புரட்சியின் பகுதியாகிறார். ஆசிரியரின் வாதத்தில் பாதியை இந்த இரண்டு ஆண்டுகளே சொல்லிவிடும்.

நேர்ல பார்த்தவங்க எழுதினதுதானே சரியா இருக்கும்?

நேரில் பார்த்தவர் தான் நின்ற இடத்தைத்தான் பார்த்தார். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் ரீடின் 'உலகைக் குலுக்கிய பத்து நாட்கள்' 1919இல் வந்தது, தமிழிலும் கிடைக்கிறது. துண்டறிக்கை, சுவரொட்டி, நாளிதழ் என்று அள்ளிச் சேர்த்து அப்படியே தந்திருக்கிறார். அந்த நகரத்தின் இரைச்சலை அவரைப்போலக் கேட்கவைத்தவர் இல்லை. தான் நடுநிலை அல்ல என்று முன்னுரையிலேயே சொல்கிறார். அவருக்கு ரஷ்ய மொழி அரைகுறை. லெனினே முன்னுரை எழுதிய அந்த நூல், ட்ராட்ஸ்கியைப் பெரிதாகவும் ஸ்டாலினை மிகச் சிறிதாகவும் காட்டியதால், ஸ்டாலின் காலத்தில் சோவியத் நாட்டில் வெளிவராமல் போனது.

நிக்கோலாய் சுகானோவ் என்பவரையும் தெரிந்துகொள்ளுங்கள். போல்ஷ்விக்குகளுக்குப் போட்டியான மென்ஷ்விக் சோஷலிஸ்ட்களின் சார்புள்ளவர், பெட்ரோகிராட் சோவியத்தின் உள்ளேயே இருந்தவர். 1917 அக்டோபர் 10 இரவு, ஆயுத எழுச்சி என்று போல்ஷ்விக் மத்தியக் குழு முடிவெடுத்த கூட்டம் அவருடைய வீட்டில்தான் நடந்தது. அவருக்குத் தெரியாது, போல்ஷ்விக் கட்சியைச் சேர்ந்த அவர் மனைவி ஏற்பாடு செய்தது. எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துவைத்த மனிதருக்குத் தன் வீட்டுக் கூடத்தில் நடந்தது தெரியாமல் போயிற்று. அவருடைய நினைவுக் குறிப்புகள் ஏழு தொகுதிகள், ஆங்கிலத்தில் சுருக்கப் பதிப்பு உண்டு. 1940இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

ஆங்கிலத்துல படிக்கிறது சிரமம். தமிழ்ல மட்டும் படிச்சா நடக்குமா?

தொடங்கலாம், ஆனால் ஒரு பக்கச் சாய்வு இருக்கும். தமிழில் கிடைப்பவற்றில் மிகுதி சோவியத் பதிப்புகளும் இடதுசாரிப் பதிப்பகங்களின் நூல்களும்தான். 1991க்குப் பிறகு ஆவணக் காப்பகங்கள் திறந்தன. அவற்றைப் பார்த்து எழுதிய ஆய்வுகள் தமிழுக்கு அதிகம் வரவில்லை. ரீடின் நூலில் தொடங்கி, தாத்தாவின் பெட்டி பற்றிச் சொன்னபடி பதிப்பாண்டு பார்த்து இன்னொன்றைப் படியுங்கள். பிறகு ஃபிட்ஸ்பேட்ரிக்கை மெதுவாக, நாளுக்கு நாலு பக்கம் முயலலாம்.

மொழிபெயர்ப்பு வாங்கும்போது மூலநூல் எது, எந்த ஆண்டு, முழுமையா சுருக்கமா என்ற விவரம் உள்பக்கத்தில் இருக்க வேண்டும். அது இல்லாத நூலுக்கு வெள்ளி கொடுக்காதீர்கள். தேக்கா பக்கம் கடைகளில் கேட்டால் ஊரிலிருந்து வரவழைத்துத் தருவார்கள். அதற்கு முன் பொது நூலகத்தின் தமிழ்ப் பிரிவைப் பார்த்துவிடுங்கள்.

புத்தகத்துல இருக்கிற போட்டோவை நம்பலாமா?

படத்தின் கீழே தேதியும் இடமும் இல்லாவிட்டால் நம்ப வேண்டாம். அரண்மனை நோக்கிக் கூட்டம் பாய்ந்தோடும் புகழ்பெற்ற படம், மூன்றாமாண்டு நிறைவுக்காக 1920இல் ஆயிரக்கணக்கானோரை வைத்து நடத்திய நாடகத்தில் எடுத்தது. சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டீன் 1927இல் எடுத்த திரைப்படக் காட்சிகளும் இப்படி உலவுகின்றன. 1920 மே 5 அன்று லெனின் மேடையில் பேசும் படத்தில் ட்ராட்ஸ்கியும் இன்னொரு போல்ஷ்விக் தலைவரான காமெனெவும் படிக்கட்டில் நிற்பார்கள். பிற்காலப் பதிப்புகளில் அவர்கள் அழிக்கப்பட்டிருப்பார்கள். அரண்மனை நாடகப் படத்தை '1917' என்று போட்ட நூலை நான் திரும்ப வைத்துவிடுவேன்.

என் பொண்ணு உயர்நிலை மூணு. வரலாறு பாடத்துக்கு இதெல்லாம் உதவுமா?

நன்றாகவே உதவும். இங்கே பள்ளியில் சான்றுகளைக் கொடுத்து, இதை எழுதியது யார், எதற்காக, எவ்வளவு நம்பலாம் என்று கேட்கிறார்கள். ரீடின் ஒரு பக்கத்தையும் சுகானோவின் ஒரு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். தேர்வுக்கு வேண்டிய பழக்கம் அதிலேயே வந்துவிடும். முழுப் புத்தகத்தைத் திணிக்க வேண்டாம்.

ஃபைஜீஸ் புத்தகம் தொள்ளாயிரம் பக்கமாம். ஷிப்ட் வேலை பார்க்கிறவன் எப்படிண்ணே முடிக்கிறது?

முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, தம்பி. 'எ பீப்பிள்ஸ் டிராஜெடி' 1996இல் வந்தது, பெரிய நூல்தான். 1917 பற்றிய பகுதியை மட்டும் முதலில் படியுங்கள். சில மனிதர்களை அவர் தொடர்ந்து பின்பற்றிக்கொண்டே வருவதால் நடுவில் நுழைந்தாலும் பிடிபடும். நூலக இரவல் காலம் மூன்று வாரம், பொதுவாக ஒரு முறை நீட்டிக்கலாம். மின்னூலாகக் கிடைத்தால் தங்குவிடுதியிலிருந்து பேருந்தில் போகும்போது கைப்பேசியிலேயே படிக்கலாம். சொந்தமாக வேண்டுமானால் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸின் பழைய புத்தகக் கடைகளில் தேடுங்கள். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகக் கட்டடத்தின் மேல்மாடி மேற்கோள் நூலகத்தில் இருப்பதை அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க முடியும்.

எல்லாப் புத்தகமும் பெட்ரோகிராடையே சொல்லுதே. மத்த ஊர்ல ஒண்ணும் நடக்கலையா?

நல்ல கேள்வி, இதைக் கேட்பவர் குறைவு. பேரரசின் மக்களில் பெரும்பான்மை கிராமத்து விவசாயிகள். பாதிக்கு மேற்பட்டோர் ரஷ்யர் அல்லாதவர்கள் என்றும் அன்றைய கணக்கெடுப்பு காட்டுகிறது. முதல் உலகப் போருக்குப் பின்னணி வேலைக்கு ஆள் பிடிக்க உத்தரவு வந்ததும் 1916இலேயே மத்திய ஆசியாவில் பெருங்கலகம் வெடித்தது. எஸ். ஏ. ஸ்மித் 2017இல் எழுதிய 'ரஷ்யா இன் ரெவல்யூஷன்' 1890 முதல் 1928 வரை பேரரசு முழுவதையும் பார்க்கிறது. இரண்டாவதோ மூன்றாவதோ புத்தகமாக அது இருக்கட்டும். பெயரடைவில் தாஷ்கண்ட், கீவ், பாக்கு ஆகிய ஊர்களுக்கு எத்தனை பக்கம் என்று பார்த்தாலே ஒரு நூலின் பரப்பு தெரிந்துவிடும்.

செத்தவங்க எண்ணிக்கை ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கு. எதை நம்புறது?

எண்ணுக்குள் என்ன அடங்கியிருக்கிறது என்பதைச் சொல்லும் நூலை நம்புங்கள். புரட்சிக்குப் பின் போல்ஷ்விக்குகளின் செம்படைக்கும் அவர்களை எதிர்த்த வெண்படைக்கும் நடந்த உள்நாட்டுப் போரின் களத்தில் இறந்தவர்கள், இரு தரப்பும் சுட்டுக் கொன்றவர்கள், யூதர்கள் மீது நடந்த படுகொலைகள், டைபஸ் காய்ச்சல், 1921-22 பஞ்சம் என்று ஒவ்வொன்றையும் சேர்க்கச் சேர்க்க எண் பல மடங்கு மாறும். செம்படை செய்ததை மட்டும் எண்ணும் நூலும் வெண்படை செய்ததை மட்டும் எண்ணும் நூலும் இறந்தவர்களை வாதத்துக்காகப் பயன்படுத்துகின்றன. எனக்கு அது பொறுக்க முடியாத விஷயம்.

ரெண்டு நல்ல புத்தகமே நேர்மாறா சொன்னா என்ன பண்றது?

அப்போதுதான் படிப்பு சூடுபிடிக்கிறது. அக்டோபர் ஒரு குழுவின் சதி என்று பைப்ஸ் சொன்னதை மேலே பார்த்தோம். அலெக்சாண்டர் ராபினோவிட்ச் 1976இல் எழுதிய 'தி போல்ஷ்விக்ஸ் கம் டு பவர்' அதற்கு முன்பே வேறு மாதிரிச் சொன்னது. ஆகஸ்டில் தளபதி கொர்னிலோவ் தலைநகரை நோக்கிப் படை அனுப்பியபின் தொழிலாளரும் படைவீரரும் போல்ஷ்விக்குகள் பக்கம் திரண்டார்கள், கட்சிக்குள்ளும் லெனினோடு வாதாடியவர்கள் இருந்தார்கள், அடியிலிருந்து வந்த அழுத்தத்தைக் கட்சி கேட்டது என்கிறார். பைப்ஸ் தலைவர்களையும் முடிவுகளையும் பார்க்கிறார். ராபினோவிட்ச் ஆலைகளையும் படைப்பிரிவுகளையும் நகரக் கட்சிக் குழுவையும் பார்க்கிறார்.

என் கருத்தைக் கேட்டால், 1917ஆம் ஆண்டைப் பொறுத்தவரை ராபினோவிட்ச்தான் எனக்குச் சரியாகப் படுகிறார். ஆனால் மக்கள் ஆதரவோடு வந்த ஆட்சி 1918இல் ஏன் இதழ்களை மூடியது, ஏன் எதிர்க்கட்சிகளை நெரித்தது என்று பைப்ஸ் வைக்கும் கேள்விகளுக்குப் பதில் தேடாமல் இருக்க முடியாது. நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். இருவரும் ஒரே நாளைப் பற்றி எழுதிய பக்கங்களை, குறிப்பாக அக்டோபர் 24, 25, ஒரே மாலையில் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இதெல்லாம் எங்கேயோ நடந்தது. நம்ம சிங்கப்பூருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

1915 பிப்ரவரியில் இங்கே இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தபோது, அதை அடக்கப் பிரிட்டிஷாருக்கு உதவ வந்த கப்பல்களில் ஜப்பானிய, பிரெஞ்சுக் கப்பல்களோடு ஜாரின் 'ஓரெல்' கப்பலும் ஒன்று. 47 சிப்பாய்களைச் சுட்டுக் கொன்றார்கள். இரண்டே ஆண்டில் அந்த ஜாரின் ஆட்சியைச் சொந்தப் படைவீரர்களே கைவிட்டார்கள்.

இன்னும் நெருக்கமான புரட்சி வேண்டுமென்றால் 1911 சீனப் புரட்சியை எடுங்கள். சன் யாட் சென்னின் இயக்கம் 1906இல் சிங்கப்பூர்க் கிளை தொடங்கிய வான் சிங் யுவான் மாளிகை பாலஸ்டியர் பக்கம் இருக்கிறது, இப்போது நினைவகம். அதைப் பற்றிய நூல்களுக்கும் பெயரடைவுச் சோதனை பொருந்தும், இடங்கள்தான் வேறு. அக்டோபர் 10 அன்று வூசாங்கில் எழுச்சி வெடித்தபோது சன் யாட் சென் அமெரிக்காவில் இருந்தார். அவரே முன்னின்று நடத்தினார் என்று எழுதும் நூலை விட்டுவிடுங்கள். நன்யாங் (தென்கிழக்காசிய) சீனர்கள் கொடுத்த பணத்துக்கு எத்தனை பக்கம், 1912இல் அதிபர் பதவி பழைய மன்னராட்சியின் தளபதி யுவான் ஷிகாய் கைக்குப் போனது ஏன் என்பதற்கு எத்தனை பக்கம் என்று பார்த்து எடுங்கள்.